பையில நகை இருக்கா?

எங்க ஸ்ரீவைகுண்டத்துப் பெருமாளுக்குக் கள்ளபிரான்னு ஒரு பேரு உண்டு. ஸ்தல புராணம் நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. காலதூஷகன்னு ஒரு திருடன். தொழிலுக்குக் கிளம்புமுன் பெருமாளை வேண்டிக்குவான், கிடைச்சதுல பாதியைக் கோயிலுக்குக் கொடுத்துருவான். ஒரு நாள் அரண்மனையிலயே கை வச்சதுல கூட்டாளிங்க மாட்டிக்கிட்டாங்க. அவன் பெருமாள் காலைப் பிடிக்க, பெருமாளே திருடன் வேஷத்துல ராஜா முன்னால போய் நின்னாராம்.

சின்ன வயசுல ரொம்பப் பிடிச்ச கதை. இப்ப யோசிச்சா ஒரு சந்தேகம். பொருளைப் பறிகொடுத்தவன் பக்கம் யாரு போய் நின்னா? :-)

இந்தச் சந்தேகம் எனக்கு வந்தது 2021-ல. அஞ்சு பவுன் வரைக்குமான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடின்னு அந்த வருஷம் செப்டம்பர்ல சட்டசபையில முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சார். தள்ளுபடி செய்யணும்னா முதல்ல கணக்கைச் சரிபார்க்கணுமே? சங்கம் சங்கமா பெட்டகத்தைத் திறந்தாங்க. சில இடத்துல கவரிங், சில இடத்துல வெறும் பை. திருச்செந்தூர் ரயில்ல போனா நம்ம ஊரைத் தாண்டி வர்ற குரும்பூர்ல, கூட்டுறவு கடன் சங்கத்துல நகையே இல்லாம கடன் எழுதியிருக்காங்கன்னு அக்டோபர்ல செய்தி வந்துச்சு. தொகை 2 கோடி ரூபாய்க்கு மேலன்னு பேப்பர்ல போட்டிருந்தான்.

செய்தி வந்த அன்னைக்கே எங்க ஆச்சி ஆரம்பிச்சுட்டா. அவ சங்கிலி இருந்தது வேற ஒரு சங்கத்துல. "ஏல, போய்ப் பாத்துட்டு வா, எம் பை கிடக்கா இல்லையான்னு." போனா, எனக்கு முன்னாடியே அம்பது பேர் ரசீதும் கையுமா நிக்காங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். கடன் கொடுக்கிற எடத்துல உக்காந்திருக்கிறவர் தப்பு செஞ்சா சட்டம் என்ன செய்யும்?

முதல்ல ஜெயில். இந்திய தண்டனைச் சட்டம் 409-வது பிரிவு. அரசு ஊழியரோ, வங்கியாளரோ, ஏஜெண்டோ தன்னை நம்பி ஒப்படைச்ச சொத்தைக் கையாடினா ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம், இல்லாட்டி பத்து வருஷம் வரை. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல இதே சங்கதி 316(5) ஆயிடுச்சு.

இரண்டாவது வசூல். 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்துல 81-வது பிரிவுப்படி விசாரணை, 87-வது பிரிவுப்படி தண்டத்தீர்வை. நஷ்டத்துக்குக் காரணமான ஊழியர், நிர்வாகி கிட்டயே வட்டியோட வசூல் பண்ணலாம். ஆனா அந்தப் பணம் போய்ச் சேர்றது சங்கத்துக்கு.

ஜெயிலால மட்டும் போனது திரும்பி வராதுங்கறதுக்கு நம்ம மெட்ராஸ்லயே பழைய சாட்சி இருக்கு. 1906 அக்டோபர்ல ஆர்பத்நாட் கம்பெனி விழுந்துச்சு. அங்க அடகு இல்ல, டெபாசிட். ஆனா சங்கதி ஒண்ணுதான், ஜனங்க நம்பிக் கொடுத்தது காணாமப் போச்சு. லண்டன் கூட்டாளி மெக்ஃபாடியன் ரயில் முன்னால விழுந்து செத்தார். இங்க சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாசம் கடுங்காவல். வெள்ளைக்காரத் துரைக்கே ஜெயிலான்னு ஊரே வாயப் பொளந்துச்சு. ஆனா பணம் போட்டவங்களுக்கு முழுசாக் கிடைக்கல.

அந்த அடியிலதான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்ன நின்னு 1907-ல இந்தியன் வங்கியை ஆரம்பிச்சாங்க. கொடுமை என்னன்னா, அதே வங்கி 1995-96-ல 1,336 கோடி ரூபாய் நஷ்டம் காட்டுச்சு. கடன் கொடுத்த விதத்தைப் பத்தி சிபிஐ போட்ட வழக்குகள் வருஷக்கணக்கா நடந்துச்சு.

அப்போ அடகு வச்சவன் கதி? 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துல இருக்கு பதில். அடகு வாங்கினவன் அந்தப் பொருளை, விவேகமுள்ள ஒரு ஆள் தன் சொந்தப் பொருளைப் பாத்துக்கிற மாதிரி பாத்துக்கணும். 1967-ல உச்சநீதிமன்றம் லல்லன் பிரசாத் - ரஹ்மத் அலி வழக்குல இன்னும் தெளிவாச் சொல்லுச்சு. பழைய விமான ஸ்கிராப்பை அடகு வச்சு 20,000 ரூபாய் வாங்கின தகராறு அது. அடகுப் பொருளைத் திருப்பித் தர முடியாதவன், கொடுத்த கடனைக் கேட்டு வழக்கு ஜெயிக்க முடியாதுன்னு தீர்ப்பு. பொருளையும் வச்சுக்கிட்டு பணத்தையும் கேக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வீட்டுப் பத்திரத்தை வச்சுக் கடன் வாங்கினவங்களுக்கும் ஒண்ணு. கடனை முழுசா அடைச்ச 30 நாளுக்குள்ள பத்திரத்தைத் தரணும், தன் தப்பால தாமதம் ஆனா வங்கி நாளுக்கு 5,000 ரூபாய் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி சொன்னது 2023 டிசம்பர்ல அமலுக்கு வந்துச்சு. ஆனா குரும்பூர் மாதிரி கிராமத்துச் சங்கங்கள் ரிசர்வ் வங்கிக்குக் கீழ வராது. அங்க நமக்கு 1872-ம் ரசீதும்தான் துணை.

ஜெயிலுக்கு அனுப்புறது சர்க்கார் வேலை. பறிகொடுத்தவன் பக்கம் நிக்கிறது அவன் கையில இருக்கிற காகிதம். எத்தனை கிராம், எந்தத் தேதி, யாரு கையெழுத்துன்னு அதுல இருக்கு. அது தொலைஞ்சா 1967 தீர்ப்பை வச்சு என்ன செய்ய?

ஆச்சி பை பத்திரமா இருந்துச்சு. சங்கிலியை மீட்டுக் கொண்டாந்து கையில கொடுத்தா, தடவிப் பாத்துட்டு, "அந்தச் சீட்டை எங்கல வச்ச?"ன்னா. கடன் முடிஞ்சா ரசீதை அவங்களே வாங்கிக்குவாங்க ஆச்சின்னேன். நம்பவே இல்ல :-)

டிஸ்கி: நான் வக்கீல் இல்லீங்க. உங்களுக்கு நிஜமாவே பிரச்சினைன்னா நல்ல வக்கீலைப் பாருங்க. அதுக்கு முன்னாடி ரசீதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்க.