படை கொடுத்துப் பெற்ற பீங்கான்

ஜெர்மனி நாட்டு டிரெஸ்டன் நகரில் ஸ்விங்கர் என்னும் அரண்மனை ஒன்று உண்டு. அங்குள்ள பீங்கான் காட்சிசாலையில், ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள மூடியிட்ட சீனச் சாடிகள் நிற்கின்றன. வெண்ணிற உடலில் நீலச் சித்திரம். காங்சிப் பேரரசர் காலத்து வேலைப்பாடு. இவற்றிற்கு 'டிராகூன் சாடிகள்' என்று பெயர். டிராகூன் என்பது குதிரை வீரரில் ஒரு வகுப்பாரைக் குறிக்கும் சொல். சாடிக்கும் குதிரை வீரனுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள்.

அக்காலத்து ஐரோப்பிய அரசர்க்குச் சீனப் பீங்கான்மீது அடங்காத மோகம் இருந்தது. மட்பாண்டம் வனைய அந்நாட்டார்க்கும் தெரியும்; ஆனால் கயோலின் என்னும் வெண்களிமண்ணையும் ஒருவகைக் கல்லின் பொடியையும் கலந்து, ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலே சுடும் சீனரின் வித்தை நெடுங்காலம் பிடிபடவில்லை. வாங்கிய சாடிகளில் பூ வைப்பது முதன்மையான நோக்கமன்று. மூடியுள்ள சாடி மூன்று, வாயகன்ற குவளை இரண்டு என ஐந்தாக இணைத்துக் கணப்படுப்பின்மேல் வரிசையிடுவர். சுவர்களிலே சிறு தாங்கிகள் அடித்துத் தரை முதல் கூரை வரை பீங்கானால் நிறைப்பதும் உண்டு. பெர்லின் நகரின் சார்லட்டன்பர்க் அரண்மனையில் பிரஷ்யாவின் முதல் மன்னர் பிரெடரிக் அமைத்த அறை அத்தகையது.

சாக்சனியின் அதிபரும் போலந்தின் மன்னருமான அகஸ்டஸ் இவர்கள் எல்லாரையும் விஞ்சினார். தமக்கு இருப்பது பீங்கான் நோய் என்று அவரே ஒப்புக்கொண்டார். பொன் செய்வதாகச் சொல்லிச் சிறைப்பட்ட பெட்கர் என்ற இளைஞரையும், சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரையும் கொண்டு பீங்கானின் மறைபொருளைக் கண்டறிந்து, 1710இல் மைசனில் தொழிற்சாலையும் நிறுவினார். பொன் கிடைக்காவிடினும் வெண்பீங்கான் கிடைத்தது! ஆயினும் சீனத்து நீலச் சித்திரத்தையும் பெருஞ்சாடிகளின் அளவையும் மைசன் அப்போது எட்டவில்லை.

பிரெடரிக்கின் மகன் பிரெடரிக் வில்லியம் 1713இல் பிரஷ்யாவின் அரியணை ஏறினார். தந்தையின் ஆடம்பரம் அவருக்கு வேம்பு. படையே அவருக்கு உயிர். 1717இல் இரு மன்னரும் ஓர் உடன்படிக்கை செய்தனர். சார்லட்டன்பர்க், ஒரானியன்பர்க் அரண்மனைகளிலிருந்து 151 பீங்கான்கள் அகஸ்டஸுக்கு. சாக்சனியப் படையிலிருந்து 600 டிராகூன்கள் பிரஷ்யாவுக்கு. பணம் கைமாறவில்லை. குதிரையும் ஆயுதமும் சீருடையும் இன்றி வெறும் ஆட்களாகவே அவர்கள் ஒப்படைக்கப்பட்டனர். கணக்கிட்டுப் பாருங்கள்: பீங்கான் ஒன்றுக்கு ஏறத்தாழ நான்கு மனிதர்!

பிரெடரிக் வில்லியத்தைச் சிக்கனம் மிக்கவர் என்று புகழ்வோர் உளர். எனக்கு அது முழுதும் உடன்பாடன்று. மிக உயரமான ஆட்களை நாடெங்கும் தேடிப் பிடித்து, தனிப்படையாக நிறுத்தி அணிவகுப்புப் பார்த்து மகிழ்ந்தவர் அவர். ஒருவர் சாடி சேர்த்தார். மற்றவர் ஆள் சேர்த்தார். விலையாகச் சென்றவரின் விருப்பத்தை இருவருமே கேட்கவில்லை.

அகஸ்டஸ் அதே ஆண்டில் டிரெஸ்டனில் ஒரு மாளிகையை வாங்கினார். பிற்காலத்தில் ஜப்பானிய அரண்மனை எனப்பட்ட அதில், கீழ்த்தளத்தில் கீழைநாட்டுப் பீங்கானும் மேல்தளத்தில் மைசன் பீங்கானும் நிறையவேண்டும் என்பது அவர் திட்டம். அது முற்றுப்பெறுமுன்பே 1733இல் இறந்தார். 1721இல் பட்டியலெடுக்கத் தொடங்கியபோது, பொருள்களிலே எண்ணும் வகைக்குறியும் பொறித்தனர். நீலப் பீங்கானுக்கு ஒரு நெளிகோடு. அக்குறிகளை இன்றும் காணலாம்.

சாடிகளுக்கு வீரரின் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரஷ்யாவுக்குப் போன அவ்வீரரின் படைப்பிரிவையோ, 'பீங்கான் டிராகூன்கள்' என்று அழைத்தனர்.