வியன்னாவில் ஒரு வாடகை அறை

கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்திய காலத்தில், கிம் ஃபில்பி என்று பெயரைச் சொன்னாலே கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். பிரிட்டிஷ் உளவுத்துறையின் உச்சிவரை ஏறிய சோவியத் ஒற்றன், கடைசியில் மாஸ்கோவுக்கு ஓடிப்போனவன் என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய கதை. எனக்கு வேண்டியது அதற்குப் பல ஆண்டு முந்தைய கதை, அவன் பட்டம் வாங்கிய 1933-ஆம் ஆண்டின் கதை. அதில் ஒரு பெண் இருக்கிறாள். நான் படித்த நூல்கள் பலவும் அவளை இரண்டு மூன்று பக்கத்தில் ஒதுக்கிவிட்டு, ஆண்களின் சதிக்குள் போய்விடுகின்றன. அந்த ஒதுக்கல் எனக்கு ஒருநாளும் சம்மதமானதில்லை.

கிம் பிறந்தது நம் மண்ணில்தான். 1912 ஜனவரி 1, அன்றைய பஞ்சாபின் அம்பாலா. அப்பா செயின்ட் ஜான் ஃபில்பி ஐ.சி.எஸ். அதிகாரி, பின்னாளில் சவூதி மன்னர் இப்னு சவூதின் ஆலோசகராகி இஸ்லாத்தைத் தழுவியவர். கிப்ளிங்கின் நாவலில் வருகிற ஒற்றர் சிறுவனின் பெயர்தான் வீட்டில் செல்லப்பெயர். 1929-இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தான். அவன் படித்த நான்கு ஆண்டுகளில் உலகம் தலைகீழானது. தொழிற்கட்சி அரசு 1931-இல் கவிழ்ந்தது. பிரிட்டனில் வேலையில்லாதவர் எண்ணிக்கை 30 லட்சத்தை நெருங்கியது. 1933 ஜனவரியில் ஜெர்மனி ஹிட்லர் கைக்குப் போனது. இதையெல்லாம் கண்ணால் பார்த்த இருபத்தொரு வயதுப் பையன், பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிய கையோடு ஆசிரியர் மாரிஸ் டாப்பிடம் போய், கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு நான் என்ன செய்யலாம் என்று கேட்டான். டாப் பாரிஸில் இருந்த ஓர் உதவிக் குழுவுக்கு வழிகாட்டினார்; பாரிஸ்காரர்கள் வியன்னாவுக்கு அனுப்பினார்கள்.

வியன்னா அப்போது எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால்தான் அங்கே பிறந்த காதல் புரியும். சமூக ஜனநாயகக் கட்சியின் நகராட்சி, 1923 தொடங்கிப் பத்தே ஆண்டில் தொழிலாளருக்கு 60,000 வீடுகள்போலக் கட்டிக் கொடுத்திருந்தது. அவற்றில் பெருமைக்குரியது கார்ல் மார்க்ஸ் ஹோஃப்: ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கட்டடம், 1,382 வீடுகள், துணி வெளுக்கும் கூடம், குளியலறைகள், குழந்தைகள் காப்பகம். ஆஸ்திரிய நாட்டின் ஆட்சியோ வலதுசாரி சான்சலர் டால்ஃபுஸ் கையில். 1933 மார்ச்சில் அவர் நாடாளுமன்றத்தை முடக்கினார். மே மாதம் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது.

இந்த நகரத்தில் கிம்முக்கு வாடகைக்கு அறை கொடுத்தது கோல்மன் குடும்பம். அந்த வீட்டுப் பெண்தான் லிட்ஸி ஃபிரீட்மன். 1910-இல் பிறந்தவள், யூதப் பெண், சின்ன வயதிலேயே கல்யாணமாகி விவாகரத்தும் ஆனவள். கட்சி வேலைக்காக ஏற்கெனவே சிறை பார்த்துவிட்டாள். வந்த பையனிடம் அவள் முதலில் விசாரித்தது கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைத்தான். ஓராண்டுக்கு 100 பவுண்டு வைத்திருப்பதாக அவன் சொன்னான். அவள் மனக்கணக்குப் போட்டு, 75 பவுண்டில் வாழலாம், மிச்சம் 25-ஐப் புரட்சியாளர் உதவி நிதிக்குக் கொடு என்றாள். அவனும் கொடுத்தான். இதை கிம்மே பின்னாளில் சொல்லியிருக்கிறான். பாதுகாப்பாக வளர்ந்த பையனுக்கு, எதையும் சுற்றி வளைக்காமல் கேட்ட அந்தக் குரலே போதுமாக இருந்திருக்கிறது.

1934 பிப்ரவரி 12 அன்று அரசுக்கும் சமூக ஜனநாயகத் தொழிலாளர் படைக்கும் இடையே லின்ஸ் நகரில் தொடங்கிய மோதல் அன்றே வியன்னாவுக்கும் பரவியது. குடும்பங்கள் குடியிருந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் மீது அரசுப் படை பீரங்கியால் சுட்டது. காயத்தோடு பிடிபட்ட செருப்புத் தொழிலாளி கார்ல் மூனிச்ரைட்டரை 14-ஆம் தேதியே தூக்கில் போட்டார்கள். தப்பிய தொழிலாளர் படையினர் நகரின் சாக்கடைச் சுரங்கங்களில் பதுங்கினார்கள். அவர்களை வெளியே நடமாட வைக்க வேண்டுமென்றால் நல்ல உடை வேண்டும். கிம், 'டெய்லி டெலிகிராஃப்' நிருபர் எரிக் கெடியின் வீட்டுக்குப் போனான். அலமாரியில் தொங்கிய கோட்டு சூட்டுகளைப் பார்த்ததும், அத்தனையும் வேண்டும், சாக்கடையில் என் நண்பர்கள் இருக்கிறார்கள், பிடிபட்டால் தூக்குத்தான் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு போனான். இதைக் கெடியே சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 24 அன்று வியன்னா நகரமன்றத்தில் கிம்மும் லிட்ஸியும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லையென்றால் அவள் மறுபடி சிறைக்குப் போவாள். அதற்கான ஏற்பாடுதான் இது, காதல் இல்லை என்பார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பனிக்காலம் முழுக்க ஒரே வீட்டில், ஒரே ஆபத்தில், ஒரே வேலையில் கிடந்த இருவர் அவர்கள். உயிரைக் காக்க மணந்தான் என்றால் அன்பு இல்லை என்றா ஆகிவிடும்?

இனிமேல்தான் உளவுத் தொழில்காரர்கள் வருகிறார்கள். இருவரும் லண்டனுக்குப் போனார்கள். அங்கே லிட்ஸிக்கு ஒரு வியன்னாத் தோழி, எடித் டியூடர் ஹார்ட். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தவர், ஏழைக் குடியிருப்புகளின் குழந்தைகளை அருமையாகப் படமெடுத்தவர். 1934 ஜூனில் ஒருநாள், யாரும் பின்தொடராதபடி ஊரைச் சுற்றவைத்து, கிம்மை ரீஜண்ட்ஸ் பூங்காவில் ஒரு பெஞ்சுக்கு அவர் அழைத்துப்போனார். அங்கே காத்திருந்தவர் ஆர்னால்ட் டாய்ட்ஷ். வியன்னா பல்கலைக்கழகத்தில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய சோவியத் உளவாளி.

டாய்ட்ஷின் கணக்கு நுட்பமானது. பல்கலைக்கழகங்களில் இடதுசாரி மாணவர்கள் ஏராளம். ஆண்டுதோறும் பழையவர் போய்ப் புதியவர் வருவார்கள். நடுவில் ஒருவன் கட்சியை விட்டு விலகினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இன்று கையில் பட்டத்தோடு நிற்கிறவன் பத்தாண்டில் அமைச்சகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பான். ஆகவே கனியும் முன்பே பூவிலேயே விலைபேசிவிட வேண்டும், மாந்தோப்புக் குத்தகைக்காரர் போல. கிம் சம்மதித்தான். கேம்பிரிட்ஜ் நண்பர்களின் பட்டியலையும் எழுதிக் கொடுத்தான். டொனால்ட் மக்லீனும் கை பர்ஜஸும் அதிலிருந்துதான் வந்தார்கள். பிறகு ஆண்டனி பிளண்ட், ஜான் கெய்ர்ன்க்ராஸ்.

முதல் கட்டளை, பழைய கொள்கையை வெளிப்படையாக உதறு என்பது. கிம் இடதுசாரி நண்பர்களை விட்டு விலகினான். ஆங்கில-ஜெர்மன் நட்புச் சங்கத்தில் சேர்ந்தான். 1937-இல் 'தி டைம்ஸ்' நிருபனாக ஸ்பெயினில் ஃபிராங்கோ பக்கம் நின்றான். அந்த ஆண்டின் கடைசி நாள், டெருவெல் போர்முனைக்குப் பக்கத்தில் அவன் இருந்த காரின்மேல் குண்டு விழுந்து உடனிருந்த மூன்று நிருபர்கள் செத்தார்கள். அவன் சிறு காயத்தோடு பிழைத்தான். ஃபிராங்கோவே அவன் சட்டையில் பதக்கம் குத்தினார். இப்படிப்பட்டவனுக்கு யூதக் கம்யூனிஸ்ட் மனைவி ஒத்துவருவாளா? அவனை அந்தப் பாதைக்குக் கொண்டுவந்த கல்யாணமே இப்போது தடையாகிவிட்டது. லிட்ஸி பாரிஸில் தனியே வாழ்ந்தாள். அவளும் சோவியத் உளவுக்குத் தகவல் கடத்தியவள்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கணவன் மனைவி என்ற வாழ்க்கை அதோடு முடிந்தது.

பிறகு நடந்ததை உலகம் அறியும். 1940-இல் பிரிட்டிஷ் உளவுத்துறை, 1944-இல் சோவியத் எதிர்ப்புப் பிரிவுக்கே தலைவன். 1945-இல் இஸ்தான்புல்லில் பிரிட்டிஷ் பக்கம் மாற வந்த வோல்கோவ் என்ற சோவியத் அதிகாரியின் விவகாரம் அவன் மேசைக்கே வந்தது. அவன் மாஸ்கோவுக்குச் சொல்லிவிட்டான். வோல்கோவையும் மனைவியையும் கட்டுப்போட்டு ஸ்ட்ரெச்சரில் விமானமேற்றினார்கள். அல்பேனியாவுக்குள் ரகசியமாக அனுப்பப்பட்ட இளைஞர்கள் பலர் செத்ததிலும் அவனுக்குப் பங்குண்டு. சாக்கடையில் கிடந்தவர்களுக்காகக் கோட்டு கேட்டு அலைந்தவன்தான் இவனும். இலட்சியம் ஒரு ரகசிய அமைப்பின் கைக்குப் போனால் மனிதன் இப்படித்தான் ஆவான் என்று வகுப்பில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறேன்.

1946 செப்டம்பர் 17 அன்று விவாகரத்து. 25-ஆம் தேதி அவன் அய்லீன் ஃபர்ஸை மணந்தான். 1955-இல், தன்மேல் எழுந்த ஒற்றன் என்ற சந்தேகத்தை மறுக்க, அம்மாவின் ஃபிளாட்டில் நிருபர்களைக் கூட்டி, கம்யூனிஸ்ட் என்று தெரிந்தே ஒருவரிடம் கடைசியாகப் பேசியது 1934-இல் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். தன் முதல் மனைவியை அந்த ஒரே வாக்கியத்தில் இல்லாதவளாக்கிவிட்டான். எனக்கு அவன் பொய்களிலேயே பொறுக்க முடியாதது அதுதான். 1963 ஜனவரியில் பெய்ரூட்டிலிருந்து மறைந்தான். 1988-இல் மாஸ்கோவில் இறந்தான். 1990-இல் சோவியத் அரசு அவனுக்குத் தபால்தலை வெளியிட்டது.

லிட்ஸி கிழக்கு பெர்லினில் பத்திரிகையாளர் கேயார்க் ஹோனிக்மனை மணந்து, திரைப்பட ஒலிச்சேர்ப்பில் வேலை பார்த்தாள். மகள் பார்பரா ஹோனிக்மன் ஜெர்மன் மொழியின் முக்கியமான எழுத்தாளர். அம்மாவைப் பற்றி 2004-இல் தனி நூலே எழுதினார். 1984-இல் லிட்ஸி வியன்னாவுக்கே திரும்பினாள். 1991-இல் அங்கேயே இறந்தாள்.

அவளை ஒற்றனை மயக்கிய மோகினி என்று எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம். அவள் கேட்டு கிம் கொடுத்தது தப்பியோடுகிறவர்களுக்கான பணம். டாய்ட்ஷ் கேட்டு அவன் கொடுத்தது நண்பர்களின் பெயர்கள். லிட்ஸி ஃபிரீட்மன் முதலில் 1934 பிப்ரவரியின் வியன்னாப் போராளி. ஃபில்பியின் மனைவி என்பது அதற்குப் பிறகுதான்.