ஈரானில் இஸ்லாமியச் சட்டம்
1979 புரட்சிக்குப் பின் ஈரான் இஸ்லாமியக் குடியரசானது. சட்டங்கள் அனைத்தும் இஸ்லாமிய நெறிக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 4ஆம் பிரிவு. நாட்டின் உச்சத் தலைவர் ஷியா மார்க்க அறிஞர். நாடாளுமன்றமான மஜ்லிஸ் நிறைவேற்றும் மசோதாக்களை 12 பேர் கொண்ட காவலர் மன்றம் ஆராயும். மார்க்கத்துக்கு முரணானவற்றைத் திருப்பி அனுப்பும். இருதரப்பும் இணங்காவிட்டால், 1988இல் உருவான தனி மன்றம் முடிவெடுக்கும்.

2013ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம் தண்டனைகளை நான்காகப் பிரிக்கிறது. மார்க்கம் வரையறுத்தது ஹத், பழிக்குப் பழி கிஸாஸ், இழப்பீட்டுத் தொகை தியத், ஏனையவை தஃஸீர். கொலை வழக்கில் கிஸாஸ் கோருவது கொல்லப்பட்டவரின் வாரிசுகளின் உரிமை. தூக்குமேடை வரை வந்தவரையும் அவர்கள் மன்னிக்கலாம், தியத் பெற்றுக்கொண்டு விட்டுவிடலாம். தியத் தொகையை நீதித்துறை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. மன்னிப்புக் கிடைத்தாலும் அரசு சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு.