பழவேற்காட்டு வெடிமருந்தும் நம் போர்ப் படங்களும்

போர்ப் படம் என்று சொன்னதும் தமிழர்கள் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது 1959-ல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' தான். பி.ஆர்.பந்துலு இயக்கம், சிவாஜி கணேசன் நடிப்பு, டெக்னிகலர் வண்ணம். 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. ஜாக்சன் துரையோடு நடக்கும் அந்த வரி வசனத்தைப் பள்ளி ஆண்டு விழா மேடையில் பேசாத ஊர் தமிழ்நாட்டில் இருக்குமா என்பது சந்தேகமே!

அந்தச் சந்திப்பு உண்மையிலேயே நடந்தது. 1798 செப்டம்பரில், ராமநாதபுரத்தில். ஆனால் அது வசனப் போட்டி அல்ல. கட்டபொம்மனை மணிக்கணக்கில் நிற்க வைத்தார் ஜாக்சன். வெளியேறும்போது நடந்த கைகலப்பில் கிளார்க் என்ற ஆங்கில அதிகாரி கொல்லப்பட்டார். பிறகு நடந்த விசாரணையில் பதவி போனது யாருக்குத் தெரியுமா? ஜாக்சனுக்கு! இது படத்தில் வரும் வசனத்தை விடவும் சுவாரசியமான திருப்பம்.

இன்னொரு விஷயமும் உண்டு. படம் கட்டபொம்மனின் தூக்கோடு (1799 அக்டோபர் 16, கயத்தாறு) முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்து, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே மண்ணால் மீண்டும் எழுப்பினார். 1801 மார்ச் 31 அன்று கம்பெனிப் படை அதைத் தாக்கித் தோற்று ஓடியது. மே 24-ல் கோட்டை விழுந்தது. இடைப்பட்ட காலத்தில் மாறியது வீரமா? இல்லை. மதில் உடையும்வரை அடிக்கக்கூடிய கனமான பீரங்கிகள் வந்து சேர்ந்தன, அவ்வளவுதான்.

நம் சினிமாவில் பீரங்கி வெடிக்கும், புகை வரும், ஆட்கள் பறந்து விழுவார்கள். அந்தப் பீரங்கிக்குள் போன மருந்து எங்கிருந்து வந்தது, யார் இடித்தார்கள், யார் சுமந்தார்கள் என்ற கேள்வியை எந்தப் படமும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஓர் ஊர் சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. பஞ்சாலங்குறிச்சிச் சண்டைக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முந்தைய கதை அது. ஊர் பெயர் பழவேற்காடு.

இன்று பழவேற்காடு என்றால் இறால், நண்டு, பூநாரை, ஞாயிற்றுக்கிழமை படகுச் சவாரி. ஏரியைச் சுற்றிலும் மீனவக் குப்பங்கள். அவற்றில் ஒன்றின் பெயரே கோட்டைக்குப்பம். ஆனால் கோட்டை எங்கே என்று தேடினால் முட்புதர் மண்டிய ஒரு மேடும், சுற்றிலும் அகழியின் தடமும்தான் மிஞ்சும். அதுதான் ஜெல்ட்ரியா கோட்டை.

மசாலாப் பொருள் வணிகத்துக்காகக் கிழக்கே வந்த டச்சுக்காரர்களுக்குத் துணி வேண்டியிருந்தது. இந்தோனேசியத் தீவுகளில் ஜாதிக்காய், கிராம்பு வாங்கச் சோழமண்டலத் துணிதான் காசு மாதிரி. விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதி ராயரின் அனுமதியோடு பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தார்கள். மயிலாப்பூர் சாந்தோமில் இருந்த போர்த்துக்கீசியருக்கு இது பொறுக்கவில்லை. 1612-ல் வந்து தாக்கி அழித்துவிட்டார்கள். மறு ஆண்டே, 1613-ல், அதே ஊரில் கோட்டை எழும்பியது. வெம்மர் வான் பெர்கெம் என்ற தலைமை அதிகாரி தன் சொந்த மாகாணமான கெல்டர்லாண்டின் பெயரை அதற்கு வைத்தார்.

இதுவரை வந்த கதை எந்த இயக்குநருக்கும் பிடிக்கும். பொறாமை, தாக்குதல், பழிவாங்கல் எல்லாம் இருக்கிறது. இதற்குப் பிறகுதான் சினிமாவுக்குச் சிக்கல்.

கோட்டை எழும்பிய பின் பழவேற்காட்டின் பெரிய வேலை சண்டை போடுவது அல்ல, சண்டைக்குச் சரக்கு அனுப்புவது. இங்கே ஒரு வெடிமருந்து ஆலை இருந்தது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் அளவோடு கலந்து இடித்து மருந்தாக்கி, ஆசியாவில் இருந்த டச்சுக் கோட்டைகளுக்கும் கப்பல்களுக்கும் அனுப்பினார்கள். பழவேற்காடு ஏரி ஆழமில்லாதது. பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. அவை கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். துணி மூட்டையோ மருந்துப் பீப்பாயோ, எதுவானாலும் சிறு படகில் ஏற்றி முகத்துவாரம் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். அலை தெரிந்த கரையோர மக்களை விட்டால் அதற்கு வேறு ஆள் ஏது?

அந்தப் படகுகளில் மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். 1621-ல் டச்சுக்காரர்கள் பாண்டா தீவுகளைப் பிடித்தபோது அங்கிருந்த மக்களைக் கிட்டத்தட்ட முழுவதுமாக அழித்துவிட்டார்கள். பிறகு ஜாதிக்காய் பறிக்க ஆள் வேண்டுமே! பல திசைகளிலிருந்தும் அடிமைகள் வாங்கப்பட்டார்கள், சோழமண்டலக் கரையிலிருந்தும்தான். உள்நாட்டில் படையெடுப்போ பஞ்சமோ வந்தால் தங்களையும் பிள்ளைகளையும் விற்கும் நிலைக்கு மக்கள் வந்தார்கள். 1659-61-ல் தஞ்சைப் பகுதியில் இரண்டும் சேர்ந்து வந்தபோது இந்தக் கரையின் துறைமுகங்கள் வழியே ஆயிரக்கணக்கானோர் இலங்கைக்கும் படேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) போனார்கள். ஒரு போர் அடிமைகளைத் தந்தது, இன்னொரு போர் அவர்களை வாங்கியது. இதில் குதிரைமேல் வாளோடு வரும் கதாநாயகன் எங்கே நிற்பான்?

டச்சுக்காரர்களே எடுத்த படத்திலும் இது இல்லை. 2015-ல் வந்த 'மிகீல் டே ரய்ட்டர்' (வெளிநாடுகளில் 'அட்மிரல்') பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில-டச்சுக் கடற்போர்களைப் பற்றியது. கப்பல்கள் வெடித்துச் சிதறும் காட்சிகளை நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாம் ஐரோப்பியக் கடலில்! அந்தப் போர்களில் கடைசியானது மசூலிப்பட்டினம் பக்கத்துக் கடலுக்கும் வந்தது. 1673-ல் அங்கே ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் மோதினார்கள். மயிலாப்பூருக்கும் சண்டை வந்தது. சாந்தோமைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுக்காரரை 1674-ல் கோல்கொண்டாவும் டச்சுக்காரரும் சேர்ந்து வெளியேற்றினார்கள். அப்போது சோழமண்டலத்தில் டச்சுத் தலைமையிடம் பழவேற்காடுதான்.

நம் பக்கமும் ஒழுங்கு என்று சொல்ல முடியாது. மலையாளத்தில் 'உருமி' (2011), 'மரக்கார்' (2021) என்று போர்த்துக்கீசியருக்கு எதிரான கடலோரக் கதைகள் வந்தன. அதற்குப் பாராட்டலாம். அவற்றிலும் கப்பல் தலைவனுக்கு முகம் உண்டு, துடுப்புப் போடுகிறவனுக்குக் கிடையாது. இத்தனைக்கும் 1741 குளச்சல் போரில் மீனவர்கள் தோளில் துடுப்பைத் துப்பாக்கி போல வைத்து வரிசையாக நின்று டச்சுக்காரரை ஏமாற்றினார்கள் என்று குமரிக் கரையில் ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, எவ்வளவு அழகான காட்சி! இன்னும் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை.

பழவேற்காட்டில் படம் எடுக்கப் போகிறவருக்கு செட் செலவு ஓரளவு மிச்சம். டச்சுக் கல்லறை இன்றும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள், உள்ளே டச்சு எழுத்தோடு கல்வெட்டுகள், வேலைப்பாடான கல்லறைகள். மாலுமி, வணிகர், அவர்கள் மனைவி மக்கள் என்று பெயர் பெயராகப் படிக்கலாம். மருந்து இடித்தவர்கள் பெயரும் படகேற்றி அனுப்பப்பட்டவர்கள் பெயரும் அங்கே இல்லை.

க்ளைமாக்ஸ் விஷயத்தில்தான் இயக்குநர் ஏமாந்து போவார். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. 1781-ல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு வந்தது, திரும்பக் கொடுத்தார்கள், 1795-ல் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். பத்துப் பதினோரு ஆண்டுகளில் கோட்டையை இடித்தார்கள். 1818-ல் இடிந்த இடத்தை டச்சுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் 1824-ல் லண்டனில் ஒரு ஒப்பந்தம். அதன்படி 1825-ல் பழவேற்காடு கைமாறியது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை.