எண் இல்லாமல் ஓடியவர்: 'அமெச்சூர்' என்ற சொல்லின் வரலாறு

1956ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் மாரத்தான் ஓட்டம் ஒன்று தொடங்கியது. மார்பில் எண் அணிந்த ஓட்டக்காரர்கள் புறப்பட்டதும், மேலங்கியைக் கழற்றிவிட்டு ஒருவர் அவர்களோடு சேர்ந்துகொண்டார். அவர் மார்பில் எண் இல்லை. போட்டியாளர் பட்டியலில் அவர் பெயரும் இல்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் பல ஊர்களின் ஓட்டங்களில் அவர் இப்படியே வந்து சேர்ந்தார். செய்தித்தாள்கள் அவரை 'ஆவி ஓட்டக்காரர்' என்று அழைத்தன. அவர் பெயர் ஜான் டாரன்ட்.

போர்க்காலத்தில் சிறுவர் இல்லத்தில் வளர்ந்த உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளை அவர். பதின்வயதின் இறுதியில் சிற்றூர்க் குத்துச்சண்டைகள் சிலவற்றில் கலந்துகொண்டு மொத்தம் 17 பவுண்டு பெற்றிருந்தார். பின்னர் ஓட்டத்தில் நாட்டம் கொண்டு, தடகளச் சங்கத்தில் சேர விண்ணப்பித்தபோது இந்தச் செய்தியை மறைக்காமல் தானே எழுதிக்கொடுத்தார். விளையாடிப் பணம் பெற்றவர் 'அமெச்சூர்' அல்லர். அமெச்சூர் அல்லாதவர் ஊர் ஓட்டத்தில்கூடக் கலந்துகொள்ள இயலாது. பணம் பெற்றது வேறொரு விளையாட்டில் என்பதையோ, அது எவ்வளவு சிறிய தொகை என்பதையோ விதி கணக்கில் கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னதற்காக அவருக்குக் கிடைத்தது தடை.

ஒரு சொல்லின் பொருள் வரையறை ஒரு மனிதனின் வாழ்வை இவ்வளவு தூரம் ஆள முடிந்தது எப்படி? இதற்கு விடை காண அந்தச் சொல்லின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

'அமெச்சூர்' என்பதன் வேர், 'நேசிப்பவர்' என்னும் பொருள் கொண்ட இலத்தீன் சொல். பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, கலையை ஆர்வத்தோடு சுவைப்பவரையே அது குறித்தது. ஊதியம் பெறாமல் ஒன்றைச் செய்பவர் என்ற பொருளும், கைதேராதவர் என்ற ஏளனப் பொருளும் பிறகு வந்து சேர்ந்தவை. நேசத்தைக் குறித்த சொல், பணமின்மையைக் குறிக்கும் சொல்லாக மாறியது.

இந்த மாற்றத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓட்டமும் நெடுநடையும் பந்தயப் பணத்தோடு பிணைந்திருந்தன. 1809இல் கேப்டன் பார்க்லே 1,000 மணி நேரத்தில், மணிக்கு ஒரு மைல் வீதம் 1,000 மைல் நடந்து முடித்தது 1,000 கினி பந்தயத்துக்காகத்தான். பந்தயம் கட்டுவோரின் பணம் ஓட்டத்தின் முடிவை முன்கூட்டியே தீர்மானிப்பதும் உண்டு. 1887இல் இலண்டனின் லில்லி பிரிட்ஜ் மைதானத்தில், புகழ்பெற்ற இரு விரைவோட்டக்காரர்களின் போட்டி நடைபெறாமல் போகவே, காசு கொடுத்து உள்ளே வந்திருந்த கூட்டம் சினந்து மைதானத்தையே தீக்கிரையாக்கியது. சூதாட்டத்திலிருந்து விளையாட்டைப் பிரிக்க வேண்டும் என்று விரும்பியோரின் கவலை பொய்யானதன்று.

ஆனால் அந்தக் கவலைக்கு அவர்கள் கண்ட மருந்து வேறொன்றையும் உள்ளடக்கியிருந்தது. 1866இல் இலண்டனில் தோன்றிய அமெச்சூர் தடகளக் கழகம் 1860களில் வகுத்த வரையறையின்படி, பணத்துக்காகப் போட்டியிடாதவராக இருப்பது மட்டும் போதாது. கம்மியராகவோ கைவினைஞராகவோ கூலித்தொழிலாளியாகவோ இருக்கவும் கூடாது. வரலாற்றாசிரியர்கள் இதனைக் 'கம்மியர் விதி' என்று குறிப்பர். ஒரு காசும் பெறாமல் ஓடிய கொல்லரும் அமெச்சூர் ஆக முடியாது. ஓட்டத்தை ஒருவர் நேசிக்கிறாரா என்ற கேள்வியின் இடத்தில், அவர் பிழைப்புக்கு என்ன செய்கிறார் என்ற கேள்வி வந்து நின்றது.

1880இல் ஆக்ஸ்ஃபோர்டில் நிறுவப்பட்ட அமெச்சூர் தடகளச் சங்கம் இந்த வர்க்க விலக்கைக் கைவிட்டது. தொழிலாளரும் ஓடலாம் என்றாயிற்று. எனினும் பணத்தைப் பற்றிய விதி இறுகியது. கதவு திறந்தது, ஆனால் வாசற்படியின் உயரம் எல்லாக் கால்களுக்கும் ஒன்றாக இல்லை. சனிக்கிழமை வேலையை விட்டு ஓட வரும் சுரங்கத் தொழிலாளி ஒரு நாள் கூலியை இழப்பார்; அந்த இழப்பை யாராவது ஈடு செய்தால் அவர் அமெச்சூர் தகுதியை இழப்பார். ரக்பி விளையாட்டில் இதே கேள்வியை முன்னிட்டு வட இங்கிலாந்துக் கழகங்கள் 1895இல் தனியே பிரிந்து சென்றன. தடகளத்தில் அத்தகைய பிளவு நிகழவில்லை. மாறாக, இரண்டு உலகங்கள் ஒன்றையொன்று பாராமல் அருகருகே வாழ்ந்தன.

அவற்றுள் ஒன்று ஊர்த் திருவிழாக்களின் உலகம். வடமேற்கு இங்கிலாந்தின் கிராஸ்மியர் விளையாட்டு விழாவில், மலையேறி இறங்கும் வழிகாட்டிகளின் ஓட்டம் 1860களிலிருந்து நடைபெற்று வருகிறது. ஸ்காட்லாந்தின் பவுடர்ஹால் விரைவோட்டம் 1870இலும், ஆஸ்திரேலியாவின் ஸ்டாவெல் ஊர் ஓட்டம் 1878இலும் தொடங்கின. இவற்றில் பரிசு என்பது பணம். உள்ளூர் உழைப்பாளிகள் ஆண்டுக்கு ஒருமுறை தம் ஊரார் முன்னிலையில் ஓடிச் சிறு தொகை பெற்றனர். எந்தப் பொருளில் பார்த்தாலும் இவர்கள் ஓட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். ஆயினும் சங்கத்தின் ஏடுகளில் இவர்கள் 'தொழில்முறையினர்'. ஓய்வும் வருவாயும் உடைய கல்லூரி இளைஞர், பயிற்சியாளர் வைத்து ஆண்டு முழுவதும் பழகினாலும் 'அமெச்சூர்'.

தமிழ்ச் சூழலிலும் இச்சொல்லுக்கு இதை ஒத்த ஒரு வரலாறு உண்டு. அது விளையாட்டில் அன்று, நாடகத்தில். 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு தொடங்கிய சுகுண விலாச சபை அமெச்சூர் நாடகச் சபை எனப்பட்டது. வழக்கறிஞர்களும் அலுவலர்களும் அதில் நடித்தனர். நடிப்பையே பிழைப்பாகக் கொண்ட கம்பெனி நாடகக்காரர்களிடமிருந்து அவர்களைப் பிரித்துக் காட்டிய சொல் அது. கூத்தாடி என்பது வசையாக இருந்த சமூகத்தில், அமெச்சூர் என்பது மதிப்புக்குரிய அடையாளமாயிற்று. தமிழில் இதற்கு ஈடாக வழங்கும் 'பயில்முறை' பயிற்சியைச் சுட்டுகிறது. 'தொழில்முறை சாராத' என்பது இல்லாததைச் சுட்டுகிறது. மூலச் சொல்லில் இருந்த நேசம் இரண்டிலும் இல்லை. வழக்கில் அது ஏற்கெனவே தேய்ந்துவிட்டிருந்தது.

ஒலிம்பிக் இயக்கம் இந்த விதியை உலக விதியாக்கியது. 1912இல் தொடங்கிய அனைத்துலகத் தடகள அமைப்பின் பெயரிலேயே 'அமெச்சூர்' இடம்பெற்றது. அதே ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரு தங்கங்கள் வென்ற அமெரிக்கப் பழங்குடியினரான ஜிம் தோர்ப், முன்பு பேஸ்பாலில் சிறு ஊதியம் பெற்றிருந்தார் என்பதற்காக 1913இல் பதக்கங்களை இழந்தார். 1982இல் அவர் இணை வெற்றியாளராக ஏற்கப்பட்டார். தனி வெற்றியாளராக மீண்டும் அறிவிக்கப்பட்டது 2022இல்தான். பின்லாந்தின் பாவோ நூர்மி, பயணச் செலவு என்ற பெயரில் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டால் 1932 ஒலிம்பிக்கில் ஓட அனுமதிக்கப்படவில்லை. இவர்கள் உலகறிந்தோர். விதியின் முழுக் கடுமையையும் அறிந்தவர்கள், டாரன்டைப் போல் ஊர் ஓட்டத்தில் ஓட மட்டுமே விரும்பியவர்கள்.

டாரன்டுக்கு 1958இல் உள்நாட்டுப் போட்டிகளில் ஓட இசைவு கிடைத்தது. நாட்டின் சார்பில் ஓடும் உரிமை இறுதிவரை கிடைக்கவில்லை. அவர் இலண்டனிலிருந்து பிரைட்டன் வரையிலான நெடுந்தொலைவு ஓட்டத்தை வென்றார்; 40 மைலிலும் 100 மைலிலும் உலகின் சிறந்த நேரங்களைப் பதித்தார். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்திலும் எண் இல்லாமலே ஓடினார். 1921இல் தொடங்கிய அந்த ஓட்டம் 1975 வரை வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கறுப்பினத்தவரான ராபர்ட் ம்ட்ஷாலி 1935இலேயே அதே பாதையை ஓடி முடித்திருந்தும், அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஒருவருக்கு எண்ணை மறுத்தது 17 பவுண்டு. மற்றவருக்கு மறுத்தது தோலின் நிறம். காரணங்கள் ஒன்றல்ல, அநீதியின் அளவும் ஒன்றல்ல. ஆனால் இருவருமே ஓடினார்கள் என்பதைச் சாலையோரம் நின்றவர்கள் கண்டார்கள். ஏடு மட்டும் காணவில்லை. 1975ஆம் ஆண்டு சனவரியில், 42 வயதில், புற்றுநோயால் டாரன்ட் காலமானார்.

விதி உடைந்தது மைதானத்தில் அன்று, சாலையில். 1970களில் அமெரிக்காவில் சாலை ஓட்டங்கள் பெருகின. 1970இல் நியூயார்க் மாரத்தானின் முதல் ஓட்டத்தில் 127 பேர் புறப்பட்டு 55 பேர் முடித்தனர். நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். கூட்டம் பெருகவே விளம்பரதாரர்கள் வந்தனர். முன்னணியினருக்குப் பணம் மறைவாகக் கைமாறியது. இந்த நாடகத்துக்கு முடிவுகட்ட, 1981இல் போர்ட்லாண்டில் நடந்த 15 கி.மீ. ஓட்டத்தில் பரிசுப் பணம் வெளிப்படையாகவே வழங்கப்பட்டது. பெண்கள் பிரிவை வென்ற நியூசிலாந்தின் ஆன் ஆடெய்ன் 10,000 டாலரைப் பெற்றுக்கொண்டு, அதற்காகத் தடையையும் ஏற்றார். தடை நெடுநாள் நிற்கவில்லை. 1986இல் பாஸ்டன் மாரத்தானே பரிசுப் பணம் தந்தது. 2001இல் அனைத்துலக அமைப்பு, தன் பெயரின் சுருக்கத்தை மாற்றாமல், உள்ளிருந்த 'அமெச்சூர்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டது.

இந்தியாவிலும் 1946இல் உருவான தடகளக் கூட்டமைப்பு 'அமெச்சூர்' என்ற சொல்லோடுதான் பிறந்தது. ஆனால் இங்கே விதி வேறு வகையில் நெகிழ்ந்தது. பரிசுப் பணத்தின் இடத்தில் வேலை வந்தது. மில்கா சிங்கின் ஓட்டம் இராணுவத்தில் நடந்த கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் தொடங்கியது, பி. டி. உஷா ரயில்வே ஊழியரானார். இராணுவம், காவல்துறை, ரயில்வே ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீடு, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஓட்டத்தைக் குடும்பத்தின் பிழைப்போடு இணைத்துத் தந்தது. ஓடினால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் விடியலில் சாலையோரம் ஓடும் இளைஞரை அமெச்சூர் என்பதா, தொழில்முறையினர் என்பதா? அந்த இணைச்சொற்களில் அவருக்கு இடமில்லை.

2004இல் இரு தொடக்கங்கள் நிகழ்ந்தன. பிப்ரவரியில் மும்பை மாரத்தான் தன் முதல் ஓட்டத்தை நடத்தியது. இந்திய நகரங்களின் நடுத்தர வர்க்கம் கட்டணம் செலுத்திப் பதிவு செய்து ஓடும் பழக்கத்துக்கு அது வழிகாட்டியது. அக்டோபரில் இலண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் 5 கி.மீ. ஓடினர். பார்க்ரன் என்று பெயர் பெற்றுப் பல நாடுகளில் பரவிய அந்த வாராந்தர ஓட்டத்துக்குக் கட்டணமும் இல்லை, பரிசுப் பணமும் இல்லை; நடத்துவோர் தன்னார்வலர்கள். முன்பு பணம் வாங்கியவர் விலக்கப்பட்டார். இன்று யாரையும் யாரும் விலக்குவதில்லை. ஆனால் கட்டணமும் காலணியும் விடுமுறை நாளும் வாய்த்தவர்களே பெரும்பாலும் தொடக்கக் கோட்டுக்கு வந்து சேர்கிறார்கள். பழைய வாசற்படி முற்றிலும் தகர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை.

அதைக் கடந்து வந்த ஒருவரை மகாராட்டிரம் அறியும். 2010களின் முற்பகுதியில் பாராமதியில் நடந்த ஊர் மாரத்தானின் மூத்தோர் பிரிவில், அறுபதைக் கடந்த விவசாயக் கூலித் தொழிலாளியான லதா பகவான் கரே ஒன்பது கஜச் சேலையில், வெறுங்காலோடு ஓடி முதலிடம் பெற்றார். நோயுற்ற கணவரின் மருத்துவப் பரிசோதனைக்குப் பணம் தேவைப்பட்டது. பரிசு 5,000 ரூபாய். பின்னர் அவர் பெயரிலேயே வெளிவந்த மராத்தித் திரைப்படத்தில் அவரே நடித்தார். முதல் வெற்றிக்குப் பின்னரும் அவர் பாராமதி ஓட்டத்துக்கு வந்தார், மீண்டும் வென்றார்.

1860களின் வரையறை அவரை இரண்டு வகையில் விலக்கியிருக்கும்: கூலித்தொழிலாளி என்பதால் ஒருமுறை, பணத்துக்காக ஓடியதால் மறுமுறை. அந்த வரையறையை எழுதியோர், தேவை உள்ள இடத்தில் நேசம் இருக்காது என்று கருதினர். கணவருக்காக ஓடிய ஓட்டத்தில் எது நேசம், எது தேவை என்று பிரித்துக்காட்ட எந்தச் சங்கத்தாலும் இயலாது. தடை செய்யப்பட்ட பின்னும் எண் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்த டாரன்டிடமும் அப்படிப் பிரிக்க இயலாது. சொல்லின் பழைய பொருளின்படி இருவரும் அமெச்சூர்களே.