கயிற்றோடு போன மணல்

போன மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு மண்டைக்காடு கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் மணவாளக்குறிச்சி மணல் ஆலையைத் தாண்டினோம். "தாத்தா, இங்க என்ன செய்றாங்க?" என்று கேட்டான். "மணல் அரிக்கிறாங்க மக்கா" என்று சொல்லி முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்த பிறகுதான் அந்தப் பதில் போதாது என்று பட்டது. கோட்டாறு கம்போளத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதியவன் நான். அந்த ஆலையின் கதையே ஒரு சரக்குக் கதை என்பது எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

நம் கரையிலிருந்து அந்தக் காலத்தில் கயிறு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகும். அப்படிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சோதித்துப் பார்த்தார். அதில் மோனசைட் இருந்தது. மோனசைட்டில் தோரியம் உண்டு. அன்றைக்குத் தெருவிளக்கும் வீட்டு விளக்கும் காஸில் எரிந்த ஊர்களில் தோரியத்துக்கு ஏக கிராக்கி, ஏனென்றால் விளக்கின் மேண்டில் அதில்தான் செய்தார்கள். கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸில் நாம் கட்டிய வெள்ளைப் பை அந்த வம்சம்தான். ஷோம்பெர்க் மணல் வந்த வழியைத் தேடி மணவாளக்குறிச்சிக்கே வந்து 1910ல் ஆலை போட்டார். பிறகு சவறாவிலும் ஒன்று. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் உளவாளி என்று அவரைப் பிடித்து அடைத்தார்கள். ஆலைகள் லண்டன் கம்பெனியின் கைக்குப் போயின.

என்னைப் போன்ற புக்கிங் கிளார்க்குக்கு இதில் வேறொரு விஷயம் கண்ணில் படும். கயிறு அனுப்பிய வியாபாரிக்குத் தான் என்ன அனுப்புகிறோம் என்று முழுசாகத் தெரியாது. ஏற்றிய கப்பல்காரருக்கும் தெரியாது. ரசீதில் 'கயிறு' என்றுதான் இருந்திருக்கும். தோரியத்துக்குக் கதிரியக்கம் உண்டு என்று 1898லேயே கண்டுபிடித்தாயிற்று. ஆனால் அப்படிப்பட்ட சரக்கை எப்படிக் கட்ட வேண்டும், என்ன எழுதி ஒட்ட வேண்டும் என்று சர்வதேச அணுசக்தி முகமை முதன்முதலாக விதி வெளியிட்டது 1961ல்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. தோரியத்தை அணு உலையில் வைத்து யுரேனியம்-233 ஆக்கலாம் என்பதால், ஹோமி பாபா போட்ட மூன்று கட்டத் திட்டத்தின் கடைசிக் கட்டமே நம் கடற்கரை மணலை நம்பித்தான். 1950 ஆகஸ்ட் 18ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் தொடங்கினார்கள். 1952ல் ஆலுவாயில் மோனசைட்டைப் பிரித்தெடுக்கும் ஆலை வந்தது. 1956ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1965ல் மணவாளக்குறிச்சியும் சவறாவும் அதே நிறுவனத்தின் கீழ் வந்தன. இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் எல்லாம் ஒரு பக்கம் இருக்க, மோனசைட்டுக்கு மட்டும் தனிக் கட்டு. அணுசக்திச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் யாரும் அதைக் கையாளவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ முடியாது. தொட்டவருக்குக் கெடுதல் வரக்கூடாது என்பது ஒரு பயம், தொடக்கூடாதவர் கைக்குப் போகக்கூடாது என்பது இன்னொரு பயம். பாதுகாப்பு என்றால் இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

இனி என் கதை. இதை இதுவரை எழுதியதில்லை.

1986 என்று நினைவு. மேற்கே மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ரப்பர் பால் உறைய ஆசிட் ஊற்றுவார்கள். ஃபார்மிக் ஆசிட். ஒரு வியாபாரி இருபது கேன் கொண்டுவந்து இறக்கி, "பிளாஸ்டிக் சாமான்னு போடும் கணக்கப்பிள்ளே" என்றார். ஆசிட் என்று எழுதினால் வாடகை கூடும், தனி வண்டி கேட்பார்கள். வாசனை என் மூக்கில் ஏறியது. எறும்பு கடித்த இடத்தில் சுரீரென்று ஏறுகிற எரிச்சல் மாதிரி ஒரு நெடி. ஆனாலும் எழுதினேன். துணிக்கட்டுகளோடு சேர்த்து ஏற்றிவிட்டார்கள்.

இறக்கும்போது ஒரு கேனின் மூடி விட்டுவிட்டது. தோளில் வைத்திருந்த சுமட்டுக்கார அண்ணனுக்குக் கழுத்திலும் இடது கண்ணிலும் கொட்டிவிட்டது. உடனே தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றியிருக்க வேண்டும். அங்கே இருந்த யாருக்கும் அது என்னவென்று தெரியாது. துண்டால் துடைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் "என்ன ஆசிட்?" என்று கேட்டபோது ரசீதைக் காட்டியிருக்கிறார்கள். அதில் 'பிளாஸ்டிக் சாமான்' என்று என் கையெழுத்து. அந்தக் கண் பிறகு தெரியவே இல்லை. வியாபாரி தான் ஆசிட் என்றுதான் சொன்னதாகச் சாதித்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

1984ல் போபால் நடந்து, 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989ல் மத்திய மோட்டார் வாகன விதிகள் வந்தபோது அபாயகரமான சரக்குக்கென்று 129 முதல் 137 வரை தனி விதிகள் இருந்தன. ஆபீசுக்கு வந்த புத்தகத்தை நான் ஒரு ராத்திரி முழுக்கப் படித்தேன். 131வது விதி அனுப்புகிறவருக்கு: சரக்கு என்ன, அதன் ஆபத்து என்ன என்று எழுத்தில் சரியாகக் கொடுக்க வேண்டும், வண்டிக்கு அதற்கான பதிவு இருக்கிறதா, ஓட்டுநருக்குப் பயிற்சி உண்டா என்று பார்க்க வேண்டும். 132 வண்டிக்காரருக்கு: கொடுத்த விவரம் முழுமையானதுதானா என்று தானே சரிபார்த்துத் திருப்திப்பட வேண்டும். 'அவர் சொன்னார், நான் எழுதினேன்' என்பது செல்லாது. அந்த வரியை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கில்லை. 133 ஓட்டுநருக்கு: அந்தத் தாள் எப்போதும் கேபினில் இருக்க வேண்டும், வண்டி நிற்கும்போதும் அவரோ, பதினெட்டு வயது தாண்டிய விவரமுள்ள ஒருவரோ பார்வையில் வைத்திருக்க வேண்டும். விபத்தென்றால் உடனே பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் முதலாளிக்கும் சொல்ல வேண்டும்.

டேங்கர் லாரியின் இரண்டு பக்கமும் பின்னாலும் ஒரு பலகை இருக்கும், பார்த்திருப்பீர்கள். 1203 என்றால் பெட்ரோல், 1075 என்றால் சமையல் காஸ். அனுப்பியவரின் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்க வேண்டும். அந்த டாக்டர் கேட்ட கேள்விக்கான பதில்தான் அந்தப் பலகை.

விதி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு. நம் ஊரிலிருந்து வடக்கே போகும் அதே சாலையில், கருநாகப்பள்ளியில் 2009 டிசம்பர் 31 அதிகாலை காஸ் டேங்கர் விபத்தாகிப் பலர் எரிந்து போனார்கள். 2012 ஆகஸ்டில் கண்ணூர் சாலாவில் இன்னொன்று, இருபது பேர். இப்போது 2007ஆம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, சரக்கு அபாயகரமானதா என்று அனுப்புகிறவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொய்யானால் நஷ்டம் அவர் தலையில்.

அந்தச் சுமட்டுக்கார அண்ணன் அதற்குப் பிறகு பல வருஷம் எங்கள் ஆபீஸ் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதலாளி ஏதோ கொடுத்தார், நானும் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தேன். "கணக்கப்பிள்ளை நல்லவரு" என்று எல்லாரிடமும் சொல்வார். வாசனை எனக்கு அன்றைக்கே தெரிந்தது என்பதை அவர் போகும் வரை நான் சொல்லவில்லை.

பேரன் அடுத்த லீவுக்கு வரும்போது மணவாளக்குறிச்சிக்குத் திரும்பக் கூட்டிப்போக வேண்டும். கயிற்றுக் கதையைச் சொல்ல வேண்டும். அதோடு இதையும்.