ஏழூர்த் திருவிழா

தஞ்சாவூருக்கு வடக்கே சுமார் 13 கி.மீ. தொலைவில் காவிரியின் வடகரையிலுள்ள திருவையாறு ஐயாறப்பர் கோயிலின் சித்திரைப் பெருவிழாவில், விசாக நாளையொட்டி நடைபெறும் பல்லக்கு உலா இது. சப்தஸ்தானம் என்றும் வழங்கும். ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கிலும், நந்தியெம்பெருமானும் சுயசாதேவியும் வெட்டிவேர்ப் பல்லக்கிலும் எழுந்தருளி, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் (தில்லைஸ்தானம்) ஆகிய ஊர்களுக்குச் சென்று திரும்புவார்கள். பல்லக்குடன் நடப்பவர்களுக்கு இது ஒரு பகலோடு முடிவதில்லை. இரவும் தொடர்ந்து மறுநாள் ஐயாற்றில் நிறைவுறுகிறது. அந்தந்த ஊர்ச் சுவாமியும் தம் பல்லக்கில் வந்து சேர்ந்துகொள்ள, நிறைவில் ஒரு பொம்மை ஒவ்வொரு பல்லக்கின் முன்னும் பூப்போடும்.

இந்த ஏழூர்களும் தேவாரப் பாடல் பெற்றவை. தலங்களை வரிசைப்படுத்திய மரபு இவற்றை ஒன்றாக வைக்கவில்லை. பழனம், ஐயாறு, நெய்த்தானம் மூன்றும் காவிரி வடகரைத் தலங்களில் 50, 51, 52 என்றும், பூந்துருத்தி, கண்டியூர், சோற்றுத்துறை, வேதிகுடி நான்கும் தென்கரைத் தலங்களில் 11 முதல் 14 வரை என்றும் எண்ணப்படுகின்றன. ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அடியாருக்கான வரிசை அது. ஏழூர் உலாவோ காவிரியையும் குடமுருட்டியையும் கடந்து தென்கரைக்குப் போய், மறுபடியும் கடந்து வடகரைக்கு வருகிறது. ஆறு பிரித்த அண்டை ஊர்களை ஆண்டுக்கொரு முறை ஒன்றாக்குவதே இந்த நடையின் உயிர் என்று கொள்ள இடமிருக்கிறது. தலபுராணக் கதையும் இதற்கு ஒத்தே நிற்கிறது. திருமழபாடியில் நடந்த நந்தி திருமணத்துக்குச் சோற்றுத்துறை உணவும், பழனம் பழமும், பூந்துருத்தி பூவும், நெய்த்தானம் நெய்யும் கொடுத்தன, வேதிகுடி வேதியரை அனுப்பியது என்கிறது மரபு. அதற்கு நன்றி சொல்லவே ஐயாறப்பர் மணமக்களை அழைத்துக்கொண்டு வருகிறாராம். இரு கரை ஊர்களும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கி வாழ்ந்ததைக் கதையாக்கினால் இப்படித்தான் இருக்கும்.

விழா நாளை நட்சத்திரம்தானே குறிக்கிறது, இதில் ஆற்றுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். விசாகம் 27 நாளுக்கு ஒரு முறை வருவது. நந்தி திருமணம் பங்குனிப் புனர்பூசத்தில் நடப்பதால் அடுத்த மாதம் மறுவீடு என்பது பொருத்தமே. ஆனால் ஆடியிலோ ஐப்பசியிலோ இத்தகைய உலாவை நினைத்துப் பார்க்க முடியாது. காவிரி நுரைத்து ஓடும், வயல் சேறாகிக் கிடக்கும், ஆள் நடவில் இருப்பார்கள். சித்திரையில் சம்பா அறுவடை முடிந்து களம் காலியாகியிருக்கும், குறுவைக்கு இன்னும் நாள் இருக்கும், ஆறு மணலாகக் கிடக்கும். 1934இல் மேட்டூர் அணை வந்தபின் ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்பது வழக்கமானது. அணைக்கு முன்பும் குடகில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும்வரை கோடையில் காவிரி வற்றித்தான் கிடந்தது. நட்சத்திரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. சித்திரை விசாகம் பௌர்ணமியை ஒட்டியே வரும். வெயில் தாழ்ந்த பிறகு நடப்பவர்களுக்கு இரவெல்லாம் நிலா கிடைக்கிறது. மாதத்தை ஆறும் வயலும் தீர்மானித்தன, நாளை நிலா தீர்மானித்தது என்று பிரித்துப் பார்ப்பதே சரி.

இன்று பாலங்கள் இருக்கின்றன, ஆழ்துளைக் கிணற்று நீரில் கோடை நெல்லும் விளைகிறது, ஆகவே இந்த விளக்கம் பழங்கதை என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான், ஆனால் வழக்கத்தின் பிறப்பை இன்றைய வசதியை வைத்து அளக்க முடியாது. கும்பகோணம், சக்கரப்பள்ளி, மயிலாடுதுறை என்று இதே டெல்டாவில் வேறு ஏழூர் விழாக்களும் இருப்பது, இது ஒரு கோயிலின் தனிப்பட்ட ஏற்பாடு அல்ல என்பதைக் காட்டுகிறது. வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் போகும் பாதயாத்திரையில் பக்தர்கள் தெய்வத்தைத் தேடி நடக்கிறார்கள். மராட்டியத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் போகும் வாரியில் ஞானேசுவரரின் பாதுகையும் அப்படியே விட்டலரை நோக்கிச் செல்கிறது. இங்கே சுவாமியே சீர்பாதம் தாங்கிகளின் தோளில் ஏறி ஊர் ஊராகப் போகிறார். நீர்மோரும் பானகமும் வைத்துப் பந்தலில் காத்திருக்கும் ஊராருக்கு வருபவர் விருந்தாளி, கூட நடந்து வருபவர்களும் விருந்தாளிகளே.